மூடியே இருக்கட்டும்

பிப்ரவரியில் ஊற்றியது ஒன்றரை டம்ளர்.
அளந்துதான் ஊற்றினேன். அளப்பது என் பிழைப்பு.

வீரபாண்டி தாண்டி
சாயப்பட்டறைக் கழிவெல்லாம் ஒன்றுகூடுகிற இடத்தில்
பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன்.
வந்து விழும் தண்ணீரைப் பார்த்தே சொல்லிவிடுவேன்
இந்த வாரம் என்ன நிறத்துப் பனியனுக்கு ஆர்டர் என்று.
ஒரு சொட்டும் நொய்யலுக்குப் போகக் கூடாது.
சவ்வு, பம்பு, கொதிகலன்,
மூன்று ஷிப்ட் ஆட்கள், மலையாட்டம் கரண்டு பில்
எல்லாம் அதற்குத்தான்.
கடைசியில் மிஞ்சுவதை மூட்டை கட்டி அடுக்கியிருக்கிறோம்,
எந்தக் குழம்புக்கும் ஆகாத உப்பு.

இங்கே அலமாரியில் அதே வேலையை
சத்தமில்லாமல் செய்கிறது ஒரு ஜாடி.

தேன்மிட்டாய் இருந்த ஜாடி.
பல்லடம் ரோட்டில் கடையைக் காலி செய்தவர் கொடுத்தது;
மூடியைத் திருகினால் இன்னும்
சர்க்கரை நெறநெறக்கும்.
அடியில் சரளை. இஸ்திரி வண்டிக்காரரிடம் கேட்டு வாங்கிய கரி.
நர்சரி மண், ஒரு பெரணிக் கன்று.
பாசிதான் கடையில் வாங்காதது.
மூன்றாவது தொட்டிக்குப் பின்னால் ஒரு குழாய் கசிகிறது.
ரிப்பேருக்கு எழுதிக் கொடுக்க வேண்டியவள் நான்.
எழுதவில்லை.
தோசையை எடுக்கிற மாதிரி
சுவரிலிருந்து வழித்து எடுத்து வந்தேன்.

சென்னியப்பனுக்கு நிட்டிங்கில் இரவு ஷிப்ட்.
அவர் கதவைத் திறக்கும்போது
என் வாயில் சீப்பு இருக்கும்.
மற்றதெல்லாம் ஃபிரிட்ஜ் மேல் சீட்டு:
‘கேஸ் சொல்லியாச்சு.’
‘ரசத்தைச் சூடு பண்ணிக்குங்க.’

மார்ச்சில் பாசி கறுத்தது.
திறந்தேன். அழுகின முட்டை நாற்றம்.
வேலையிடத்தில் பழகின நாற்றம்தான்,
வீட்டில் எதிர்பார்க்கவில்லை.
கரிக்கு மேலே ஒரு விரல் உயரம்
தண்ணீர் நின்றது.

‘ஜாடிக்குத் தண்ணி ஊத்துனீங்களா?’

மறுநாள் பதில், அடித்து அடித்து எழுதியது:
‘தெனமும் ஒரு மூடி.
நாம குடிக்கறமில்ல.’

ஒன்பது நாளைக்கு ஒருக்கா
குழாயில் தண்ணி வருகிற லைன் வீடு.
அரிசி களைந்ததைச் சேர்த்து வைத்துப்
பாத்திரம் விளக்குகிற மனுஷன்
குடிக்கிற குடத்திலிருந்து மொண்டிருக்கிறார்.
எப்படித் திட்டுவது?

கூடத்திலிருந்து பழைய பிப்பெட் ஒன்றைக் கொண்டுவந்து
உறிஞ்சி உறிஞ்சி எடுத்தேன்.
நாலு நாள் திறந்து வைத்தேன்.
கறுத்ததைக் கத்தரித்துவிட்டு
மறுபடியும் அந்தக் கசிகிற சுவருக்குப் போனேன்.
மூடியபின்
மாதிரி பாட்டிலுக்கு ஒட்டுகிற லேபிளைக்
குறுக்கே ஒட்டித் தேதி போட்டேன்.
சாட்சிக் கையெழுத்து அவர்,
பல்கூட விளக்காமல்.

அப்புறம் செய்ய ஒன்றுமில்லை.
அதுதான் சிரமம்.
வெயில் ஏறினால் தள்ளி வைக்கலாம்.
கண்ணாடியை வெளியே துடைக்கலாம்.
பெரணி ஒருபக்கமாய்ச் சாய்ந்தால் ஜாடியைத் திருப்பலாம்.
மற்றபடி கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.
உள்ளே அது வியர்த்து
தன் வியர்வையையே குடிக்கிறது.

மே மாதம் கூரை காய்ந்தது.
ஜாடிக்கு ஈரத்துண்டு சுற்றியிருந்தார்.
‘உள்ள ஊத்தலை, சத்தியமா’
என்று சீட்டு வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருவரும் வீட்டில்.
கரண்டு போனது.
போன் வெளிச்சத்தை ஜாடியில் அடித்தார், சும்மா.
கண்ணாடியின் உள்பக்கம்
கடுகளவு நத்தை.

“நீ வெச்சயா?”
“நீங்க வெச்சீங்களா?”

அந்தச் சுவரிலிருந்து வந்திருக்க வேண்டும்.
நான் அழுக வைத்ததையும் அவர் முக்கியதையும்
எப்படித் தாண்டியதோ,
நடந்த தடம் மட்டும் கோடாக மின்னியது.

லேபிளின் ஓரம் லேசாகப் பெயர்ந்திருந்தது.
கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிக்கொண்டே கேட்டார்,
“அதுக்குந் தண்ணி பத்துமா?”