பக்கம் 212, திருத்தம்

கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
மீரான் ராவுத்தர் அச்சகத்தில்
வருஷம் நவம்பரிலேயே முடிந்துவிடும்.
அதற்குப் பிறகு யாரும் சாகக் கூடாது,
பரிசும் வாங்கக் கூடாது.
பொது அறிவு ஆண்டுமலர், இரண்டு மொழி, எண்பது ரூபாய்.
கிளார்க் தேர்வு எழுதும் பிள்ளைகள்
சித்தூரிலிருந்தும் வேலந்தாவளத்திலிருந்தும் வந்து கேட்பார்கள்.
மூன்று வருஷமாக நானும் எழுதுகிறேன்.

உலக இலக்கியத்துக்கு எனக்குக் கிடைத்தது ஒன்றரைப் பக்கம்.
மீதி அரைப் பக்கம் கோழித்தீவனம்.
உப்பளத்துக்காரி மகளுக்குப் பெரிய பரிசு.
எங்கோ ஒரு நூலகம் எரிந்தது, இரண்டு வரி.
முந்நூறு பேர் பேசும் ஒரு மொழியில்
முதல் நாவல் வந்ததாம்; அதை மேலே வைத்தேன்,
மீரான் கீழே இறக்கினார்.
பரிசு வேண்டாம் என்று சொன்ன கவிஞரை
எந்தக் கட்டத்தில் போடுவது?
"வாங்கலைன்னா எடம் எதுக்கு, செலஸ்டீனா?"
ஆஸ்பத்திரிக் கட்டிலில் விருது வாங்கி
பதினோராம் நாள் போனவருக்கு மட்டும்
இரண்டு கட்டத்திலும் இடம்.

மலையாளப் பக்கத்தில் 'அந்தரிச்சு' என்று அடித்தேன்.
நம் பக்கத்தில் 'காலமானார்'.
அடிக்க அடிக்க அந்தச் சொல்
பழைய பல் மாதிரி ஆடத் தொடங்கியது:
காலம் ஆனார்.
சாகும் வரை என்னவாக இருந்தார்?

இறந்தவர் பெயருக்கு முன்னால்
சின்னச் சிலுவை போடுவது வழக்கம் என்றார் பைண்டர்.
மீரானுக்கு ஒப்பவில்லை.
ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற எனக்கும் ஒப்பவில்லை,
அத்தனை பேரும் நம்ம ஆளா?
நட்சத்திரம் போட்டோம்.
பரிசுக்கும் நட்சத்திரம்தான் போட்டிருந்தோம்.

அப்படித்தான் அந்தப் பனி நாட்டுக் கிழவரைக் கொன்றேன்.
வயது தொண்ணூற்று மூன்று, பெயர் பன்னிரண்டு எழுத்து,
அதில் நாலு நம் வாய்க்கு வராது.
மொழிபெயர்ப்பு விருதுக்குக் கிடைத்த நட்சத்திரத்தோடு
அவர் வரிசை மாறிச் செத்தார்களோடு போய் நின்றார்.
இரண்டாயிரம் பிரதி ஓடி முடிந்த பிறகு
பைண்டரின் செல்போனில் சிரித்தார்,
சூப்பு குடித்தபடி.

சீட்டு ஒட்டச் சொன்னார் மீரான்.
'தவறுக்கு வருந்துகிறோம்' என்று எழுதினால் தேர்வுக்கு உதவாது.
'இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்' என்று அடித்தேன்.
மைதா காய்ச்சி மயில்துத்தம் கலந்து
ராத்திரி முழுக்க ஒட்டினேன்.
கணவாய்க் காற்று கதவைத் தள்ளிக்கொண்டு வந்து
ஒரு கை சீட்டை அள்ளிப் போனது;
ஒன்று பொள்ளாச்சி பஸ்ஸின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு
கோபாலபுரம் சோதனைச்சாவடி தாண்டியிருக்கும்,
அந்த டிரைவரும் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்.
ஒரே மனிதரை இரண்டாயிரம் தடவை எழுப்பினேன்.
பங்குச் சாமியாரிடம் சொல்லவில்லை.

டிசம்பர் முப்பது, அவர் போய்விட்டார்.
தூக்கத்தில், என்று செய்தி.
ஓடிப்போய்ச் சொன்னேன்.
மீரான் கட்டு எண்ணிக்கொண்டிருந்தார், நிறுத்தவில்லை.
முப்பத்தேழு, முப்பத்தெட்டு...
"அடுத்த வருஷப் புஸ்தகத்துல போட்டுக்கலாம்."
சீட்டைப் பிய்க்கலாமா என்று நகத்தால் ஒன்றைக் கீறினேன்.
பசை நன்றாகப் பிடித்திருந்தது.

ஜனவரியில் தேர்வு. கேள்வி நாற்பத்தேழு:
கீழ்க்கண்டோரில் சென்ற ஆண்டு காலமானவர் யார்?
'அ' ஆஸ்பத்திரிக் கட்டில்காரர்.
'இ' என் கிழவர்.
கேள்வித்தாள் அடித்த நாளில் உயிரோடு இருந்தவர்,
தப்பான விடையாக இருக்கட்டும் என்று
யாரோ சேர்த்திருக்கிறார்கள்.
சரியாகச் சொன்னால் ஒரு மதிப்பெண்.
ஒரு சாவைத் தவறாகச் சொன்னால்
மூன்றில் ஒரு பங்கு பிடித்துக்கொள்வார்கள்.

என் நகக்கண்ணில் மயில்துத்தத்தின் நீலம் போகவில்லை.
நாற்பத்தேழின் நாலு வட்டத்தையும்
வெள்ளையாகவே விட்டுவிட்டு
நாற்பத்தெட்டுக்குப் போனேன்.
அது பாசனம் பற்றியது.