ஒன்றாம் எண் கூண்டு

அக்கி போய்விட்டது, அது வந்த தடம் போகவில்லை.
முதுகில் தொடங்கி விலாவைச் சுற்றி
நெஞ்சுக்குழிக்கு அருகே முடியும்
ஒரு கை அகலப் பாதை.
வண்டிப்பாளையத்தில் காவி குழைத்து
அதன்மேல் இரண்டு சிங்கம் எழுதினார்கள்.
கொப்புளம் காய்ந்தது,
சிங்கம் குளியலில் கரைந்தது,
வலி மட்டும் குடியிருந்தது
சட்டை உரசினாலே ஷாக் அடித்துக்கொண்டு.

மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரியில்
இரவுக்கு ஒரு மாத்திரை தந்தார்கள்.
பிறகு அதை இரண்டாக்கினார்கள்.
நரம்பு உறங்கும் என்றார்கள்.
உறங்கியது.
எட்டு மாதம் கழித்து அன்றுதான்
பனியனோடு உட்கார்ந்து சோறு தின்றேன்.
அஞ்சலாட்சி என் முதுகில் கை வைத்துப் பார்த்தாள்,
அடுப்பு அணைந்ததா என்று பார்ப்பதுபோல.

நரம்போடு சேர்ந்து வேறு எதுவோ உறங்கியதை
யாரும் சொல்லவில்லை.

நான் முதுநகர் ரேஷன் கடையில் எடை போடுகிறவன்.
குனிந்தால் மூட்டை, நிமிர்ந்தால் தராசு.
ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை
வங்கக்கடலில் அழுத்தம் குறைந்துவிட்டதென்று
துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டு ஏற்றியிருந்தார்கள்.
ஊரே பையோடு வந்து நின்றது.
சர்க்கரைக்குக் குனிந்தேன். அள்ளினேன். நிமிர்ந்தேன்.
வெளிச்சம் ஓரங்களிலிருந்து சுருங்கி
ஒரு துவரம்பருப்பு அளவானது.
அதற்குள் யாருடைய மஞ்சள் பையோ தெரிந்தது.
பிறகு அதுவும் இல்லை.

கண் திறந்தபோது
கன்னமெல்லாம் சர்க்கரை.
"மத்தியானமே ஏத்திக்கிட்டானா கலியவரதன்?"
வரிசையில் யாரோ.
வரிசை சிரித்தது.
ஐம்பத்து மூன்று வருஷமாகக் கள்ளுகூடத் தொடாத வாய் இது.
விற்பனையாளர் தணிகாசலம் குனிந்து
மோந்து பார்த்தார், அன்பாகத்தான்.
சிந்தின இரண்டரைக் கிலோ
என் பெயரில் எழுதப்பட்டது.

வீட்டிலும் அஞ்சலாட்சி மோந்து பார்த்தாள்.
அதற்குப் பிறகுதான் அழுதாள்.

டாக்டரம்மா என்னைப் படுக்கவைத்துக்
கையில் பட்டை சுற்றினார்.
நூற்றிருபத்தெட்டு.
எழுப்பி நிறுத்திச் சுற்றினார்.
எண்பத்தாறு.
அதே கை, அதே பட்டை, நடுவில் மூன்று நிமிஷம்.
ஒரே அரிசிக்கு இரண்டு எடை காட்டும் தராசை
நாங்கள் கடையில் வைத்திருக்க மாட்டோம்.
"நீங்க இல்ல, மாத்திரை" என்றார்.
அந்த மூன்று சொல்லைச் சீட்டில் எழுதித் தந்திருந்தால்
கடைச் சுவரில் ஒட்டியிருப்பேன்.

மாத்திரை பாதியானது.
வலி கால்வாசி திரும்பி வந்தது,
செருப்பைக் கழற்றாமல் உள்ளே நுழையும் பங்காளிபோல.
வரட்டும், பழகின ஆள்.

இப்போதெல்லாம் விடியலில் எழ எனக்கு மூன்று தவணை.
ஒருக்களிக்க வேண்டும்.
காலைத் தொங்கவிட்டுக் கெண்டைச்சதையை இறுக்கி
இருபது எண்ண வேண்டும்.
பிறகு சுவர், பிறகு நான்.
உப்பு கொஞ்சம் கூட்டிக்கொள்ளச் சொல்லியிருப்பதால்
குழம்பைப் பற்றி இனி நான் வாய் திறக்க முடியாது.
அஞ்சலாட்சிக்கு இதில் ஏகப்பட்ட சந்தோஷம்.

இன்று மறுபடி கூண்டு ஏறியிருக்கிறது.
கடலுக்கு அழுத்தம் குறைந்தால்
கம்பத்தில் அடையாளம் கட்டுகிறார்கள், வானொலியில் சொல்கிறார்கள்,
படகை மேட்டுக்கு இழுக்கிறார்கள்.
கடல் குடித்திருக்கிறது என்று
ஒருவரும் சிரிப்பதில்லை.

மூட்டைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டிருக்கிறேன்.
அள்ளினதும் அதில் உட்கார்ந்துகொள்கிறேன்.
"சீக்கிரம்ப்பா, மழை வருது" என்கிறது வரிசை.
வரட்டும்.
பதினேழு.
பதினெட்டு.