இணைப்புச் சோதனை

சர்வர் முகவரி: மாடியில், ஏசி ஒழுகும் அறையில்
பக்கெட்டுக்குப் பக்கத்தில் இரையும் அந்தப் பெட்டி.
போர்ட் எண்: முன்னால் இங்கிருந்த லோகநாயகி
ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிட்டுப் போனது.
கடவுச்சொல்லுக்குத்தான்
பெருமாநல்லூருக்கு மூன்று முறை போன் போட்டேன்.
"கடைசீல ஒரு ஆச்சரியக்குறி வருமுங்க" என்றாள்
குக்கர் விசிலுக்கு நடுவில்.

சோதி என்பதை அழுத்தினேன்.
சுற்றியது. சுற்றியது.
கீழே நிட்டிங் மெஷினும்தான்.
இணைந்தது.

கூலி அட்டவணை வந்து விழுந்தது.
பீஸ் கணக்கு சரி, தேதி சரி, பைசா சுத்தம்.
பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் மட்டும்
??????
????
?????????
இப்படி அறுநூற்றுப் பன்னிரண்டு பேர்.

"எண்ணு தப்பில்லாம வருதுங்களா?" என்றார் கிட்டுசாமி முதலாளி.
"அப்பறம் பேரு என்னத்துக்குங்?
காலைல பையருக்குக் காட்டோணும், அவ்வளவுதான்."
அவினாசியில் கல்யாணம், கிளம்பிவிட்டார்.

அமைப்புகளின் அடியில், யாரும் விரிக்காத பட்டியலில்
எழுத்துக் குறியீடு என்றொரு வரி.
மாற்றினேன், இணைப்பு அறுந்தது.
டிரைவரையே கழற்றிப் புதிதாகப் போட்டேன்.
இரண்டாம் ஷிப்டை ஏற்றிக்கொண்டு பஸ் போன சத்தம்.
டீ ஆடை கட்டிவிட்டது.

தெய்வாத்தாள்.
சஞ்சுக்தா பெஹரா.
அயன் டேபிள் ரங்கநாதன்.
செக்கிங்கில் பாவாத்தாள் என்றே இரண்டு பேர்,
ஒருத்திக்கு மட்டும் ஓவர்டைம் கட்டம் காலி.
அதைக் குறித்து வைத்துக்கொண்டேன்.
என் கணக்குக்குப் படிக்க மட்டுமே அனுமதி.

பட்டை வரைபடத்தில் இடம் போதாமல்
பாவாத்… என்று நின்றது பெயர்.
ஓரத்தைப் பிடித்து
அரை விரல் அகலம் இழுத்தேன்.
தாள் வந்து உட்கார்ந்தது.