பன்னிரண்டு கோட்டு அட்டை

பாட்டுக்கு நாலு ரூபா. வெற்றுக் கசெற் தனி.
வெள்ளவத்தையில், காலி வீதியின் கடல் பக்கம்,
நகைக்கடைக்கு மேல் எங்கள் பதிவுக்கூடம்.
மெர்வின் அண்ணை ஊசி வைப்பார்.
நான் அட்டையில் பெயர் எழுதுவேன்.
பக்கத்துக்குப் பன்னிரண்டு கோடு;
கையெழுத்துக்காகத்தான் என்னை எடுத்தது.

ஹரோவிலிருந்து வந்த பொதியைப் பிரித்தபடியே
ஜூட் நிரஞ்சன் படியேறினான்.
ஐந்து இசைத்தட்டு, ஒரே ஆங்கிலக் குழு,
இதுவரை அவர்கள் வெளியிட்டது முழுவதும்.
"எல்லாத்தையும் அடிச்சுத் தாங்கோ."
மெர்வின் அண்ணை தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இதில பாட்டு எங்கை?"

ஒரு பக்கம் முழுக்க ஒன்றே ஒன்று.
தண்ணீர். ஒரு சேவல்.
வானிலை சொல்ல வந்த ஒருவர்
சொல்லி முடிக்காமல் போகிறார்.
ஒன்பது நிமிடம் கழித்து ஒரு தாளம்
செருப்பை வெளியே கழற்றிவிட்டு
உள்ளே வருகிறது.
இதற்கு நாலு ரூபாவா?
நிமிடக் கணக்கென்றால் ஜூட் சண்டைக்கு வருவான்,
பாட்டுக் கணக்கென்றால் கரண்ட் காசும் தேறாது.
சேவலுக்கு ஒரு ரூபா கூட்டினோம்.

ஆறே கால் கோச்சி போனபோது கட்டடம் அதிர
ஊசி வழியே அதுவும் இறங்கிவிட்டது.
திரும்ப அடிக்க மெர்வின் அண்ணைக்கு அலுப்பு.
நான் முதற்கோட்டில் ஒரு பெயர் எழுதினேன்,
பதினொரு கோட்டை விட்டேன்.
வகை என்ற இடத்தில்
உறையில் இருந்ததைப் பார்த்தெழுதினேன்:
அம்பியன்ற் ஹவுஸ்.

பம்பலப்பிட்டிச் சந்தியில் பையைத் திறந்தவர்கள்
மூன்றாம் நாள் என்னையும் கூப்பிட்டார்கள்.

மேசையில் ஐந்து கசெற். என் கையெழுத்து
அங்கே வைத்துப் பார்க்க வடிவாய்த்தான் இருந்தது.
சப்-இன்ஸ்பெக்டர் கொடித்துவக்கு
கொஞ்சம் தமிழ் வைத்திருந்தார்.
"இந்த ஹவுஸ் எங்கே?
எந்த ஒழுங்கை? எத்தனை பேர்?
பொலிசில் பதிந்ததா?"
"அது வீடில்லை சேர். ஒரு வகை."
"என்ன வகை வீடு?"
பிறகு, விரலால் கோடுகளை எண்ணி,
"இதில் பதினொரு பேர் ஏன் எழுதவில்லை?"

வாங்கில் ஜூட். உதடு கிழிந்திருந்தது.
நான் அதைப் பார்த்ததை
அவன் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன்.

கசெற்றைப் போட்டார்கள். தண்ணீர்.
சேவல் கூவ ஒரு கொன்ஸ்டபிள்
யன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தான்.
யாரோ இலக்கம் எண்ணத் தொடங்கியதும்
பேனா எழுந்தது:
ஏழு, ஆறு, ஐந்து,
அதற்குப் பிறகு எண்ணவில்லை, மிதந்தது.
பேனா கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்று
மெல்லப் படுத்தது.
மின்விசிறி எப்போது இசைக்குள் போனதென்று தெரியாது.
கொன்ஸ்டபிளின் தலை நெஞ்சில் விழுந்தது.
கொடித்துவக்கு முகட்டைப் பார்த்திருந்தார்.
தட தட தட.
"இது இங்கிலாந்துக் கோச்சியா?"
"இல்லை சேர். பாணந்துறைக் கோச்சி."

ஏ பக்கம் டக்கென்று முடிந்தது.
"மற்றப் பக்கம்," என்றார்.
ஜூட் நிலத்தைப் பார்த்தபடி
"மற்றப் பக்கம்தான் சேர் நல்லது," என்றான்.

என்னை அன்று பின்னேரமே விட்டார்கள்.
கசெற்றுகள் சான்றுப் பொருளாய்க் கோட்டைக்குப் போயின.
ஜூட்டை விட்டதாக ஒருவர் சொன்னார்,
ஹரோ போய்விட்டானென்று இன்னொருவர்.
இசைத்தட்டுகளை எடுக்க யாரும் வரவில்லை.
அவன் தாயின் முகவரி எங்களிடம் இருந்தது.
போவதற்குப் பயமாய் இருந்தது.

ஆவணி கடைசியில் அந்தக் கொன்ஸ்டபிள்
சீருடையில்லாமல் படியேறி வந்தான்,
கையில் வெற்றுக் கசெற்.
சேருக்கு இரவில் தூக்கம் வருதில்லையாம்.
அதே வேணுமாம். கோச்சியோடு.

காசு கேட்பதா விடுவதா என்று
மெர்வின் அண்ணை என்னைப் பார்த்தார்.
ஜூட்டின் தட்டை உறையிலிருந்து எடுத்தேன்.
நேரம் ஐந்து நாற்பது.
கொன்ஸ்டபிளைக் கதிரையில் இருக்கச் சொல்லிவிட்டு
மூவரும் பாணந்துறைக் கோச்சிக்குக் காத்திருந்தோம்.