ஆள்

வரிக்கோப்புகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு
என் அலுவலக மேசையைச் சுற்றி ஏழு பேர் இருந்தோம்.
ஸ்காபுறோ. மாசி மாதம். இரவு எட்டரை.
பனி வழிக்கும் வண்டி
மக்கோவன் வீதியைச் சுரண்டிக்கொண்டு போனது.
ஐ.நா.வில் நாற்காலி இல்லாத ஒரு நாட்டின்
உதைபந்தாட்ட அணிக்கு
முகாமையாளர் தேவை.
குறிப்பு எழுதுவது நான்.

நாடற்றோர் கிண்ணத்தின் படிவம் ஒன்பது பக்கம்.
தேசிய கீதத்தின் நீளம், விநாடிகளில்.
சட்டையின் நிறம், மாற்று நிறம்.
சொந்த மைதானம் என்ற கட்டத்தில்
புவனேந்திரன் பேனையை வைத்தார்,
எடுத்தார்.
"அதைப் பிறகு பார்ப்பம்."

முதலில் சேவியர்நாயகம், குருநகர்.
எண்பத்திரண்டில் தான் அடித்த கோலை
ஸ்டேப்ளரைத் தடுப்பாளனாக நிறுத்தி
மீண்டும் ஒருமுறை அடித்தார்.
"அது ஓஃப்சைட்" என்றார்
குழுவிலிருந்த பாசையூர்க்காரர்.
நேர்காணல் அதோடு முடிந்தது.

அடுத்தவர் ஒஸ்லோவிலிருந்து, திரையில்.
அங்கே அதிகாலை மூன்று மணி, ஆனாலும்
கழுத்துப்பட்டி கட்டியிருந்தார்.
முதல்தர உரிமம். நாலு-மூன்று-மூன்று.
அம்புக்குறிகள் பச்சையில் ஓடின.
இணையம் அறுந்தபோது
வாய் திறந்தபடி உறைந்திருந்த அந்த முகத்தையும்
மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடைசியாக எமில்டா.
மார்க்கத்தில் பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவள்.
பாண் தொழிற்சாலைக்குப் போகிற வழியில் வந்தாள்,
கையில் கோப்பு எதுவும் இல்லை.
கேள்விகூட அவள்தான் கேட்டாள்.
"பெடியள் எங்கையிருந்து வாறாங்கள்?"
பாரிஸ், பேர்கன், சூரிச், மொன்றியல்,
சிட்னியில் ஒருத்தன்.
"பந்து காலில இருக்கேக்க
பின்னால எதிராளி வந்தால்
என்னெண்டு கத்துவாங்கள்?"

ஒருவரும் அதை யோசித்திருக்கவில்லை.
பாரிஸ்காரன் பிரெஞ்சில் கத்தினால்
பேர்கன்காரன் எப்படித் திரும்புவான்?
ஹீற்றர் மட்டும் முனகியது.
வாசலில் இன்னமும்
பனிச்சப்பாத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த
சேவியர்நாயகம் நிமிராமல் சொன்னார்:
"நாங்கள் 'ஆள்' எண்டு கத்துவம்.
ஆள், ஆள். அவ்வளவுதான்."
அவள் அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு
பஸ்ஸுக்கு ஓடினாள்.

நாலுக்கு மூன்று. ஒஸ்லோ.
அந்த நாலில் ஒன்று என் கை.
இருபது வருடமாக
முத்திரை விழுந்த காகிதங்களை நம்பியே பிழைக்கிறவள்.
உரிமத்தைக் கண்டதும் கை தானாக உயர்ந்தது.

ஒன்று பத்துக்குக் குறுஞ்செய்தி வந்தது.
அங்கே விடிந்துவிட்டது.
வேலைத்தலத்தில் லீவு தரவில்லையாம்.
மன்னிக்கவும், வாழ்த்துகள், ஒரு கொடிப்படம்.
எந்தக் கொடியென்று தெரியாமல்
வெள்ளைக்கொடியைப் போட்டிருந்தார்.

எமில்டாவின் இடைவேளை ஒன்றரைக்கு.
பாண் இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலாகக் கேட்டாள்:
"சம்பளம்?"
இல்லை.
"ரிக்கற்?"
பாதி.
"உதவிக்கு ஆர்?"
சேவியர்நாயகம், என்று சொன்ன பிறகுதான்
அவரிடம் இன்னும் கேட்கவில்லை என்பது நினைவு வந்தது.
"கோல் காப்பாளருக்கு ஆரும் இருக்கினமோ?
காலைப் பிடிச்சுவிட?"
தேடுகிறோம்.
"இருபத்திமூண்டு சட்டை, ஒரு கிழமையில ஆறு ஆட்டம்.
ஆர் தோய்க்கிறது?"

அவள் சிரித்தாளா, இயந்திரம் நின்றதா தெரியவில்லை.
"சரி" என்றது காதில் விழுந்தது.

முகாமையாளர்: எமில்டா யோகராசா.
உதவி: சேவியர்நாயகம், சம்மதம் கிடைத்தால்.
உடைப் பொறுப்பு என்ற இடத்தில்
என் பெயரை எழுதினேன்.
எழுத்து கொஞ்சம் கோணிவிட்டது.
மைதானக் கட்டம் அப்படியே வெறுமையாக இருக்கிறது.

விளக்கை அணைக்கப் போனபோது
முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல இருந்தது.
ஆள், என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன்,
அந்தக் காலி அலுவலகத்தில்.
திரும்பினேன்.