நூற்றுப் பதினைந்து லிட்டர்

எடை எவ்வளவு என்றுதான் முதலில் கேட்டார்
கோட்டக்குப்பத்து இருதயநாதன்.
அறுபத்தெட்டு என்றேன்.
நான்கு கிலோ பொய்.
கல்யாணப் பந்தியில், துணிக்கடையில்,
கம்பெனி டாக்டரிடம்கூடச் செல்லுபடியான பொய்.

சிப்காட் ஆய்வகத்தில் பதினோரு வருடம்
லிட்டரோடு குடித்தனம் நடத்துகிறவள் நான்.
பலகையையும் லிட்டரில்தான் அளப்பார்கள் என்றதும்
தெரிந்தவளைப் போலத் தலையாட்டினேன்.
எண்பது லிட்டர். வெள்ளை. ஓரத்தில் ஆரஞ்சுக் கோடு.
கோடுதான் பிடித்தது.

தேவனாம்பட்டினத்தில்
நெஞ்சளவுத் தண்ணீர் வரை தள்ளிப்போய்
அதன்மேல் மண்டியிட்டேன்.
பலகை பொய்யைக் கேட்டுக்கொண்டது.
மறுத்துப் பேசவில்லை.
என்னையும் சுமந்துகொண்டு
மெல்லக் கீழே போனது.

லிட்டர் என்பது
உள்ளே எவ்வளவு கொள்ளும் என்பதல்ல,
எவ்வளவு கடலை நகர்த்தி வைக்கும் என்பது.
இது விளங்க ஒரு மாதமும்
ஒன்பதாயிரம் ரூபாய் நஷ்டமும்.

நூற்றுப் பதினைந்து வந்தது.
கதவைக் கழற்றி மிதக்கவிட்டது போல
அழகில்லாத அகலம்.
அதன்மேல் நின்றேன்.
நின்றேன் என்றால் மூன்று நொடி.

முதல் ஷிப்ட் இரண்டு மணிக்கு முடியும்.
கடல்காற்று மூன்றுக்கு வரும், வந்தால்.
இடையில் பம்ப் அடித்து விங்கை ஊத வேண்டும்:
ஐந்து சதுர மீட்டர், விறைத்த வௌவால்.
தலைக்குமேல் பிடித்தால் சும்மா படபடக்கும்,
பின்கையை இழுத்தால் உயிர் வரும்,
அதிகம் இழுத்தால்
என்னையே கடலுக்குள் விசிறிவிடும்.

விழுவதற்கும் ஒரு முறை இருக்கிறது.
பலகையை விட்டு விலகி, தட்டையாய், வாய் மூடி.
ஃபாயில் கத்தி. அதன்மேல் விழக்கூடாது.
ஒரு நாளில் நாற்பது முறை விழுந்தேன்.
நாற்பத்தொன்றில் எண்ணுவதை நிறுத்தினேன்,
வீட்டுக்கு வந்து சோறு தின்னாமல் தூங்கினேன்.

கச்சான் வீசும் காலையில்
கடல் கண்ணாடியாய்க் கிடக்கும், கூப்பிடும்.
போகாதே.
போவது சுலபம்.

வைகாசியில் ஒருநாள் அஞ்சாப்புலியின் வலையில்
ஃபாயிலைக் கொண்டுபோய் மாட்டினேன்.
படகை அணைத்து எட்டிப் பார்த்தார்.
"திருக்கையாட்டம் இருக்கே. எவ்ளோ?"
சொன்னேன்.
"அரை எஞ்சின் காசு" என்றார்,
அறுந்த கண்களை விரலால் எண்ணியபடி.
பதினேழு.
கருப்புக் கொடி கண்டால் கிழக்கே நூறு பாகம் ஒதுங்கு என்றார்,
வேறொன்றும் சொல்லவில்லை.
ஹெல்மெட், மிதவைச் சட்டை, காலில் கட்டும் கயிறு என்று
கருவிகளுக்கான கணக்கு எழுதும் நோட்டில்
அதையும் சேர்த்தேன்:
வலை, ஆயிரத்து இருநூறு.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை.
கரையை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தேன்.
காலைப் பார்க்காமல்
தென்மேற்கே சிப்காட் புகைபோக்கியைப் பார்த்தேன்,
காலையில் எந்தச் சனியனிலிருந்து வெளியே வந்தேனோ
அதையே.
பலகைக்கடியில் சலசலத்துக்கொண்டிருந்த தண்ணீர்
சட்டென்று பேச்சை நிறுத்தியது.

பொங்கும் பாலுக்கடியில் அடுப்பை அணைத்த மாதிரி.

குனிந்து பார்த்தேன்.
என் நிழல் எனக்கு ஒரு முழம் கீழே,
தண்ணீர்மேல் தனியாக ஓடிக்கொண்டிருந்தது.
குனிந்ததால் விழுந்தேன்.
உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறச் சிரித்தேன்,
தொலைவில் யாரோ வலை தட்டிக்கொண்டிருந்தார்கள்,
நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஆடியில் கம்பெனி மருத்துவப் பரிசோதனை.
எடை என்றார் டாக்டர், பேனாவைத் திறந்து.
எழுபத்திரண்டு.
நனைந்தால் எழுபத்தைந்து.

முதலாவதை மட்டும் எழுதிக்கொண்டார்.