தலைகீழாக ஒரு எழுத்து

கிரிம்ஷா துரைக்கு
இங்கிலீஷ் தெரியாத ஆள்தான் வேண்டியிருந்தது.
உப்புக்கிணற்றுச் சந்தில் மூன்று அச்சகம் ஏறி இறங்கி
நாலாவதாக எங்களிடம் வந்தார்.
எழுத்து தெரியணும், அர்த்தம் தெரியக்கூடாது என்றார்.
முதலாளி என்னைக் கை காட்டினார்:
"நம்ம சென்னியப்பன் இருக்கறானுங்க.
ஏ முதல் இசட் வரைக்கும் கண்ணை மூடிட்டுப் பொறுக்குவான்,
ஒரு வார்த்தை வெளங்காது."
அன்றைக்கு அது உண்மைதான்.

லங்காஷையரிலிருந்து நூல் மிஷின் பூட்ட வந்த மனுசன்.
பகலெல்லாம் பீளமேட்டு மில்லில் கதிர் நேராக்குவார்.
பொழுதோடு கோட்டை மாற்றினால் புரொபசர் ஓரியன்.
விரல் நகத்தில் மட்டும் மிஷின் எண்ணெய் போகாது,
அதனால் வெள்ளைக் கையுறை.
சம்சாரம் கப்பலேறிப் போய்விட்டாள்.
வெய்யில் ஒத்துக்கலை என்பார்.
மறைய வைத்து, திரும்ப வரவைக்கத் தெரியாமல் போன
ஒரே வித்தை அது.

மாசம் பதினாறு பக்கம்.
வித்தைக்காரர்கள் மட்டும் வாங்குகிற பத்திரிகை,
சந்தா நூற்று நாற்பது:
பிரிஸ்டல், டர்பன், ரங்கூன்,
கும்பகோணத்தில் ஒருத்தர், பணம் மட்டும் அனுப்பமாட்டார்.
ரகசியம் காப்பதும் அவர் பிழைப்பு
ரகசியத்தை அச்சடித்து விற்பதும் அவர் பிழைப்பு.
நடுவில் நான்,
ஈயத்தைக் கையில் வைத்துக்கொண்டு.

ஆறு வருசம் கோத்தேன்.
சொற்களின் முதுகைத்தான் முதலில் பழகினேன்.
முகம் வலது இடதாய்க் கிடக்கும்,
கால் மேலே தலை கீழே.
ஒருநாள் உள்ளங்கைப் படம் செதுக்கிய மரக்கட்டை வந்தது.
அதன் அடியில் போகிற நாலு எழுத்து
அதற்கு முன்னால் ஆயிரம் தடவை
என் விரலைக் கடந்து போனவை.
பாம்.
ஓ, உள்ளங்கை.
அப்புறம் காயின் வந்தது, இடது வந்தது,
கட்டைவிரல் வந்தது.
யாரிடமும் சொல்லவில்லை.
சொன்னால் வேலை போய்விடும்.

ஆடிப் பதினெட்டுக்கு மில் கிளப்பில் ஆட்டம்.
மேஸ்திரி கொடுத்த வெள்ளி ரூபாயை
வலது கையில் வைத்து மூடினார், ஊதினார்.
முந்நூறு பேர் அந்த வலது கையைப் பார்த்தார்கள்.
நான் இடது கையைப் பார்த்தேன்.
பதினொன்றாம் பக்கம், இரண்டாம் பத்தி,
போன மார்ச்.
அவர் கையை விரிக்கும் முன்பே
என் கை தட்டிவிட்டது.
அரை நொடி இருக்கும்.
கூட்டத்துக்கு மேலாக அவர் கண்
கடைசி பெஞ்சுக்கு வந்து போனது.

அடுத்த மாசக் கையெழுத்துப் பிரதியில்
கடைசிப் பக்கத்தின் மூலையில் ஒரு வரி:
இதைக் கோக்கிறவருக்கு,
நீங்கள் கைதட்டுவது சீக்கிரம்.
உங்கள் கை வித்தைக்காரனின் கை அல்ல.

கோத்தேன். புரியாதவன் கோக்கிற வேகத்தில்.
இரண்டு இடத்திலும் கை என்ற சொல் வந்தது.
இரண்டாவது 'ஹேண்ட்'டுக்குள் நிற்கிற 'என்'னை
ஒரு திருப்புத் திருப்பித் தலைகீழாக வைத்தேன்.
பார்த்தால் 'யு'.
ஈரம் காயாத புரூஃப் போனது,
பச்சை மசியில் வந்தது.
மற்ற பிழையெல்லாம் வெட்டித் திருத்தியிருந்தார்.
அந்த எழுத்தின் கீழே மட்டும் வரிசையாகப் புள்ளி,
ஓரத்தில் ஸ்டெட்.
அப்படியே இருக்கட்டும்.

டர்பன்காரர் எழுதினார்,
அச்சுப்பிழை அவமானம் என்று.
துரை அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து
எழுத்துப் பெட்டிக்கு மேலே ஆணியில் குத்தினார்.
அதற்குப் பிறகும் ஒன்பது வருசம்
என்னிடம் தமிழில்தான் பேசினார்.
மோசமான தமிழ்.

அந்த இதழ் ஓடி முடிந்த அன்றைக்குப்
பக்கத்தைக் கலைத்தேன்.
ஏ ஏ அறைக்கு, டி டி அறைக்கு.
அந்த ஒன்று மட்டும்
விரல் நுனியில் நின்றது.
எந்த அறைக்கு என்று
கை தெரியாமல் நின்றது.